ஐந்தாம் எண் தவளை

அந்தத் தவளை இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று கீலூங் நகரத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான். அது போயிருக்கும் வீட்டில் ஒரு சிறுமி இருக்கிறாள். நேற்று பள்ளி ஓட்டப் பந்தயத்தில் விழுந்து, இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து, கட்டுப் போட்டிருக்கிறாள்.

"கை புண்ணா இருக்கே, தவளையைத் தொட்டா ஒண்ணும் ஆகாதேன்னு அவங்க அப்பா என்கிட்டதான் கேட்டாரு," என்றாள் சூயுன். "நான்தான் ஒண்ணும் ஆகாது, கழுவிக்கிட்டாப் போதும்னு சொல்லி அனுப்பினேன். பாவி!"

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் கணவர் ஜின்டாங் பக்கத்தில் நின்றுகொண்டு சுவரைப் பார்த்தார். கடையின் சொந்தக்காரர் அவர்தான். சுற்றிலும் கண்ணாடித் தொட்டிகள், உள்ளே பாசி, செடி, பனித்துளி. ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் மிட்டாய் நிறத்தில் ஏதோ ஒன்று கண்ணை உருட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

தெங்வெய் எந்தத் தொட்டியிலும் படாமல் ஒடுங்கி நின்றான். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, துப்பறியும் பெய்ஷானிடம் ஆறு வருடமாக உதவியாளன், கத்தியோடு வந்தவனைக் குடையால் அடித்து விரட்டியவன். ஆனால் தவளை என்றால் அவனுக்கு ஆகாது. கடைக்குள் வந்ததிலிருந்து கட்டைவிரல் நகத்தைக் கடித்துக் கடித்து, நகம் தீர்ந்து இப்போது சதைக்கு வந்துவிட்டான்.

"அழுகை அப்புறம் இருக்கட்டும்," என்றாள் பெய்ஷான். ஐம்பது வயது, கட்டையான உருவம், தலையில் மழை சொட்டும் பிளாஸ்டிக் தொப்பி. "அந்த ஆள் கடைக்குள்ள வந்ததுலேர்ந்து சொல்லுங்க. முதல்ல என்ன கேட்டாரு?"

"எல்லாரும் கேக்கறதுதான். புதுசா வளக்கறவங்களுக்கு எந்தத் தவளை நல்லதுன்னு. முதல்ல தொட்டியை முடிவு பண்ணுங்க, அப்புறம் தவளையைப் பாக்கலாம்னு சொன்னேன். உயரத் தொட்டி காட்டினேன். மேல பலகை இடிக்கும்னு வேணாம்னுட்டாரு. அகலமா, தாழ்வா, முன்னாடி கதவு திறக்கற தொட்டி எடுத்தாரு. அடியில களிமண் உருண்டை, மேல மண்ணு, அதுக்கு மேல காஞ்ச இலை, ஒளிஞ்சுக்க அரைத் தேங்காய்ச் சிரட்டை. எல்லாம் நானே போட்டு செட் பண்ணிக் குடுத்தேன்."

"தவளை?"

"தாழ்வான தொட்டின்னா தரையில திரியறதுதான் சரிப்படும். சிவப்புப் பொடித் தவளை வேணாம், அது மேல மேல ஏறும், பழகாத கையில ஒரு மாசம் தாங்காது. பச்சைக் கறுப்பு கூச்சம் ஜாஸ்தி, குழந்தை ஏமாந்து போயிடும். பொன்தவளை எடுத்துக்குங்க, தைரியசாலி, விரலைக் காட்டினா இரைன்னு நினைச்சு ஓடி வரும்னு சொன்னேன். உலகத்துலயே அதிக விஷம் அதுக்குத்தானேன்னு பயந்தாரு. காட்டுல எறும்பும் பூச்சியும் தின்னு வளந்தாத்தான் விஷம், எங்க தொட்டியில பொறந்து பழ ஈ தின்னு வளந்ததுக்கு விஷமே கிடையாதுன்னு சொன்னேன். அது நிஜம்தான் அக்கா! பத்து வருஷமா அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்!"

"இவங்க சொன்னது நிஜம்," என்று பெய்ஷான் திரும்பினாள். "பொய் உங்ககிட்ட இருக்கு. சொல்லுங்க முதலாளி."

ஜின்டாங் மனைவியைப் பார்க்காமல் பேசினார். "நேத்து சாயங்காலம் ஒரு கப்பல் இன்ஜினியர் வந்தான். தென் அமெரிக்கக் காட்டுல பிடிச்ச பொன்தவளை ஒண்ணு வச்சிருந்தான். எங்களுது எல்லாம் ஒரே குடும்பத்து ரத்தம், குஞ்சு நோஞ்சானா வருது. புது ரத்தம் கிடைச்சா நல்லதுன்னு ஆசைப்பட்டு வாங்கிட்டேன். இவளுக்குத் தெரிஞ்சா கத்துவா. அதனால சொல்லல."

"எங்க வச்சீங்க?"

"இங்கதான். விக்கறதுக்கு அஞ்சு பொன்தவளை கிண்ணத்துல எடுத்து வச்சிருந்தோம். மஞ்சளோட மஞ்சளா இருக்கட்டும்னு அதையும் ஒரு கிண்ணத்துல போட்டு, வரிசையில அஞ்சாவதா சொருகி வச்சேன். மொத்தம் ஆறு கிண்ணம். காலையில எழுந்து மாத்திடலாம்னு நினைச்சேன். தூங்கிட்டேன். நான் வர்றதுக்குள்ள இவ கடையைத் திறந்து, மூடியில நம்பர் ஒட்டி, வித்தும் முடிச்சுட்டா. எதை வித்தேன்னு கேட்டேன். அஞ்சாம் நம்பர்ங்கறா."

"காட்டுத் தவளை ஒண்ணு எத்தனை பேருக்குப் போதும்?" என்று கேட்டான் தெங்வெய். கேட்டிருக்கக் கூடாது.

"பத்துப் பேருக்கு. புண்ணுல பட்டா சீக்கிரம்," என்றார் ஜின்டாங்.

கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

பெய்ஷான் ஏற்கெனவே போலீசுக்குச் சொல்லிவிட்டாள். போலீசிடம் கேமராப் படம் இருந்தது. படத்தில் ஒரு குடை இருந்தது, குடைக்குக் கீழே நீல மழைக்கோட்டு இருந்தது, அவ்வளவுதான். கீலூங்கில் மழை நாளில் நீல மழைக்கோட்டைத் தேடுவதைவிட கடலில் உப்பைத் தேடலாம்.

"வேற ஏதாவது கேட்டாரா? சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல."

சூயுன் மூக்கைச் சிந்தினாள். "ஜன்னல் இல்லாத இடம், பரவாயில்லையான்னாரு. வெயிலே படாம இருந்தா இன்னும் நல்லதுன்னேன். இருபத்திநாலு மணி நேரமும் விளக்கு எரியும்னாரு. அது கூடாது, ராத்திரி தொட்டிமேல கறுப்புத் துணி போட்டுடுங்கன்னேன். அப்புறம், அட்டைப்பெட்டியை இங்கயே போட்டுட்டுப் போகலாமான்னாரு. எங்களுக்கே நிக்க இடமில்ல, எடுத்துக்கிட்டுப் போங்கன்னேன். வீட்டுச் செருப்போட வந்திருந்தாரு. தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டுப் போனாரு."

"வீட்டுச் செருப்பு. அப்போ பக்கத்துலதான்." பெய்ஷான் எழுந்தாள். "முதலாளி, அந்தத் தவளை எப்படி இருக்கும்னு ஆளுங்களுக்குக் காட்டணும். உங்க தொட்டியில பொறந்தது ஒண்ணு குடுங்க."

ஜின்டாங் அலமாரியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தார். வரிசையில் விற்றுப்போன இடம் பல் விழுந்த வாய் போலக் காலியாக இருந்தது. அதற்கு அடுத்த கிண்ணம் அது. மூடியில் 6 என்று வட்டச் சீட்டு. கடைசிக் கிண்ணத்தின் மூடியில் 7. தெங்வெய் பார்த்தான். பார்த்துவிட்டு, கிண்ணம் தன் பக்கமாக நீட்டப்படுவதைக் கண்டதும் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டான்.

"இது சாது," என்றார் ஜின்டாங். "எங்க வீட்டுப் பிள்ளை. ரொம்பக் குளிராம, ரொம்பச் சூடாகாம பாத்துக்குங்க தம்பி. சட்டைப் பையில வச்சுக்குங்க."

"ஏன், நீங்களே கூட வந்து உங்க பையில வச்சுக்கலாமே!"

"தெங்வெய்," என்றாள் பெய்ஷான்.

வாங்கி, மழைக்கோட்டுக்குள்ளே, ஜாக்கெட்டின் உள்பையில், நெஞ்சோடு வைத்துக்கொண்டான். வேறு வழி?

அங்கிருந்து அலைச்சல். ஜன்னல் இல்லாமல் இருபத்திநாலு மணி நேரமும் விளக்கு எரியும் இடம் எது? தானியங்கிச் சலவைக் கடை, விளையாட்டு இயந்திரக் கடை, துறைமுகத்துச் சூப்புக் கடை, பல் மருத்துவமனை. ஏறி இறங்கினார்கள். ஒவ்வோர் இடத்திலும் தெங்வெய் கிண்ணத்தை முழ நீளத்துக்குக் கையை நீட்டிக் காட்டினான். ஒவ்வோர் இடத்திலும் ஆட்கள் குனிந்து பார்த்துவிட்டு, "இலைதானே இருக்கு?" என்றார்கள்.

"இலைக்கடியில இருக்கு. என்னைப் பாத்து பயம் அதுக்கு," என்றான் தெங்வெய். "நாங்க ரெண்டு பேரும் ஒரே ஜாதி."

வட்டத் தலைவரின் ஒலிபெருக்கி இரண்டு முறை கத்தியது. இன்று காலை மஞ்சள் தவளை வாங்கியவர் தொடாதீர்கள், உடனே போலீசைக் கூப்பிடுங்கள் என்று. மழையில் பாதி கேட்கவில்லை. கேட்ட பாதியில் தவளை என்ற வார்த்தை இல்லை. மணி மூன்றானது, நாலானது. போன் வரவில்லை. போன் வராதது நல்லதா கெட்டதா என்று தெங்வெய்க்குப் புரியவில்லை. ஒரு குழந்தை, கட்டை அவிழ்த்துவிட்டு, புதுத் தவளையைத் தடவிப் பார்க்க எத்தனை நேரம் பொறுக்கும்? அவனுக்கு அந்த வயதில் ஐந்து நிமிடம் பொறுத்த ஞாபகம் இல்லை.

மாத்ஸு தாய் கோயில் வாசலைக் கடக்கும்போது அவன் நின்றான். கடல்காரர்களைக் காப்பாற்றுகிறவள், ஒரு சின்னப் பெண்ணைக் காப்பாற்ற மாட்டாளா? ஊதுபத்தி வாங்கக்கூட நேரம் இல்லை. ஈரக் கையைக் குவித்தான்.

"தாயே, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாம இருந்தா, இந்தத் தவளையை நான் என் கையால தொடறேன். தொட்டுத் தடவிக் குடுக்கறேன். சத்தியம்."

"பன்னித்தலை வச்சுப் படைக்கறேன்னு வேண்டிக்கலாமேடா," என்றாள் பெய்ஷான்.

"அது சுலபம் அக்கா. கஷ்டமானதைக் குடுத்தாத்தான் அவங்க நம்புவாங்க."

அவள் சிரிக்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எதிர்வீட்டு அம்மாள் ஒருத்தி கதவைத் திறந்து, வானத்தைப் பார்த்து, ஒரு நீலக் குப்பைப் பையை வாசலுக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். பெய்ஷானின் முகம் மாறியது.

"மணி என்ன?"

"அஞ்சு இருபது."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி. ஏன் அக்கா?"

"அறிவு கெட்டவ நான்! அட்டைப்பெட்டியைக் கடையிலயே போடப் பாத்தாருன்னா, அவர் இடத்துல அதை வைக்க இடமில்ல. அவ்வளவு பெரிய பெட்டியை அவர் எங்க போடுவாரு? வெள்ளிக்கிழமை அட்டை எடுக்கற நாள்!"

தெங்வெய் வாயைப் பிளந்தான். குப்பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போகிற பேச்சே இந்த ஊரில் கிடையாது. வண்டி வரும், பாட்டுப் போடும், கையில் பையோடு நீயே வந்து போட வேண்டும். பணக்காரனும் வரவேண்டும், நோயாளியும் யாரையாவது அனுப்பவேண்டும். வீட்டுச் செருப்போடு நடந்து போகிற தூரத்தில் வண்டி நிற்கும் இடம் ஒன்றே ஒன்றுதான், கோயிலுக்குப் பின்னால்.

"ஓடு!"

ஓடினார்கள். பியானோ மெட்டு ஏற்கெனவே கேட்க ஆரம்பித்துவிட்டது. தினமும் சாயங்காலம் கேட்கிற மெட்டு, இன்றைக்கு அவனுக்கு மட்டும் சாவு வீட்டு மேளம் மாதிரி கேட்டது. மஞ்சள் வண்டி மூலையில் திரும்பி நின்றது. சந்து முழுக்க ஜனம், குடைமேல் குடை. ஒருவன் பை, ஒருத்தி போத்தல் மூட்டை, ஒரு கிழவர் உடைந்த மின்விசிறி. பெய்ஷான் ஒரு பக்கம், தெங்வெய் ஒரு பக்கம், ஒவ்வொரு கையாகப் பார்த்தார்கள். பழக்கூடை அட்டை. டயப்பர் அட்டை. தொலைக்காட்சி அட்டை.

வண்டி உறுமியது. கிளம்பப்போகிறது. தெங்வெய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான், கிண்ணம் இடித்தது.

"நில்லுங்க! நில்லுங்க!"

சந்தின் கோடியிலிருந்து ஒரு பெண்மணி ரப்பர் பூட்ஸ் சத்தத்தோடு ஓடி வந்தாள். தலைமேல் குடைக்குப் பதிலாக மடித்த அட்டைப்பெட்டி. அதன்மேல் ஒரு கண்ணாடித் தொட்டியின் படம்.

தெங்வெய் குறுக்கே பாய்ந்தான். "அக்கா! இந்தப் பெட்டி எங்கேர்ந்து வந்துச்சு?"

அவள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஏன்? டேப்பெல்லாம் உரிச்சுட்டேன்! சுத்தமா மடிச்சிருக்கேன்! அபராதம் போடற வேலை எங்கிட்ட வேணாம்!"

"அபராதம் இல்ல அக்கா, தவளை! தவளை எங்க?"

"தவளையா? அது முதலாளி பொண்ணு ஷின்னிங்கோடது. நான் அங்க கூட்டிப் பெருக்கறவ. அதோ, அந்த ஓட்டல்தான்."

ஓட்டல்! ஜன்னல் இல்லாத வரவேற்பறை, விடிய விடிய விளக்கு. நாலு மணி நேரமாக அதன் வாசலை மூன்று முறை கடந்திருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் மேஜைமேல் தொட்டி தெரிந்தது. தாழ்வான தொட்டி, காய்ந்த இலை, தேங்காய்ச் சிரட்டை, எல்லாம் சூயுன் சொன்னபடியே. முன்கதவு திறந்து கிடந்தது. பெய்ஷான் பேனாவால் சிரட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

மேஜைக்குப் பின்னாலிருந்த மனிதர் எழுந்தார். "ரூம் வேணுங்களா?"

"உங்க பொண்ணு எங்க?"

"மேல. அஞ்சாவது மாடி. தவளையோட விளையாடிக்கிட்டிருக்கா. ஏங்க, என்ன ஆச்சு? ஏங்க!"

லிஃப்டுக்குள் மூன்று பேரும் நெருக்கியடித்து ஏறினார்கள். பெய்ஷான் இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். அந்த அப்பா குவாங்லி, கதவு திறப்பதற்கு முன்பே கதவைத் தள்ள ஆரம்பித்துவிட்டார். பித்தான்களில் 1, 2, 3, அதற்குமேல் 5. பெய்ஷான் 5ஐ அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்காமல் பித்தான்களையே பார்த்தாள். தெங்வெய் மறுபடியும் கட்டைவிரலைக் கடித்தான், ரத்தம் உப்புக் கரித்தது.

கதவு திறந்ததும் தெரிந்தது. அறையின் நடுவில் தரையில் எட்டு வயதுப் பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூடியில் 5 என்று ஒட்டிய காலிக் கிண்ணம். அவள் உள்ளங்கையின் வெள்ளைக் கட்டுமேல், வெண்ணெய்த் துண்டு போல, மஞ்சளாக, பளபளவென்று அது.

குவாங்லி ஓலமிட்டார். பெய்ஷான் அவர் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஷின்னிங்," என்றாள் மெதுவாக. "அசையாத கண்ணு. எத்தனை நேரமா அது உன் கையில இருக்கு?"

"இப்பவா? மத்தியானத்துலேர்ந்து ஆறு தடவை ஏறிடுச்சே! நான் பிடிக்கல. அதுவா ஏறுது. விரலை நீட்டினா ஓடி வருது, பாருங்க!" நுனியில் கட்டில்லாமல் வெளியே தெரிந்த விரலை ஆட்டினாள். தவளை குதித்து விரல் நுனியை நாக்கால் ஒரு தட்டு தட்டியது. "கூசுது!"

ஆறு தடவை. மத்தியானத்திலிருந்து. கன்னம் சிவந்து, கண் பளிச்சென்று, பசியில் பாதி தின்ற, தேநீரில் வெந்த முட்டை பக்கத்தில். இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை!

தெங்வெய் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான், கண்ணில் நீர் வர வர. "அக்கா, கப்பல்காரன் ஜின்டாங் தலையில மிளகாய் அரைச்சுட்டான்! அது காட்டுத் தவளையே இல்ல! எங்கயோ ஒரு தொட்டியில பொறந்ததை வித்துட்டுப் போயிருக்கான். ஐயோ தாயே, மாத்ஸு தாயே, நீ நல்லா இருப்ப!"

குவாங்லி மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். பெய்ஷான் மட்டும் வாசலிலேயே நின்றாள். லிஃப்டைத் திரும்பிப் பார்த்தாள். உதடு அசைந்தது, எதையோ எண்ணுகிறவள் போல.

தெங்வெய் கவனிக்கவில்லை. அவனுக்கு ஒரு கடன் இருந்தது. தெய்வத்திடம் சொன்ன சொல், தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து கிண்ணத்தை எடுத்தான், மூடியைத் திறந்தான், கண்ணை இறுக மூடிக்கொண்டு, கடித்து ரத்தம் கசியும் கட்டைவிரலை இலையை நோக்கி இறக்கினான்.

"வா தங்கம். உன் தங்கச்சி விளையாடறா பாரு, நீ மட்டும் ஏன் இவ்வளவு நேரமா..."

"தெங்வெய்! கையை எடு!"

ஆறு வருடத்தில் பெய்ஷான் அப்படிக் கத்திக் கேட்டதில்லை. அவன் துள்ளினான். கிண்ணம் கையிலிருந்து நழுவி உருண்டது. இலை விழுந்தது, பாசி விழுந்தது. வேறொன்று விழவில்லை.

"எங்க போச்சு?" என்றான்.

"பேசாத. தலையைத் திருப்பாத." பெய்ஷான் குரலைத் தாழ்த்தினாள். "உன் இடது காலர்ல உக்காந்திருக்கு."

கழுத்துக்கு ஓர் அங்குலம். கண்ணின் ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. அதன் தொண்டை துடிப்பதுகூடத் தெரிந்தது. எச்சில் விழுங்கினால் கழுத்து அசையும் என்று அவன் எச்சிலையும் விழுங்கவில்லை.

"ஆறு கிண்ணம் இருந்துச்சுன்னாரு ஜின்டாங்," என்றாள் பெய்ஷான், பார்வையை அதிலிருந்து எடுக்காமல். "கடைசிக் கிண்ணத்துல ஏழுன்னு ஒட்டியிருந்துச்சு. ஆறு பேர் நிக்கற வரிசையில ஏழாம் நம்பர் எங்கேர்ந்து வரும்? சூயுன் இந்த லிஃப்ட் மாதிரிதான். ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு. நாலுன்னா நம்ம காதுல சாவுன்னு விழுது, யார்தான் வாங்குவாங்க நாலாம் நம்பர் உயிரை? அவ அஞ்சுன்னு வித்தது வரிசையில நாலாவதா இருந்ததை. ஜின்டாங் அஞ்சாவதா வச்சதுக்கு அவ ஒட்டினது ஆறு. அதை அந்த மனுஷன் தன் கையாலயே எடுத்து..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. விரலைக் கண்டால் ஓடி வரும் என்றார்கள், இது நாள் முழுக்க இலைக்கடியில் கிடந்தது. ஒரே ஜாதி என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். தெங்வெய்க்கு முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது.

குவாங்லி ஒரு துணியை எடுத்துக்கொண்டு ஓரடி வைத்தார். தவளை ஓரடி நகர்ந்தது, கழுத்துப் பக்கமாக. அவர் நின்றுவிட்டார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"கையால பிடிக்கக் கூடாது," என்றது சின்னக் குரல். ஷின்னிங் தன் தவளையை மடியில் பொத்தி வைத்துக்கொண்டே சொன்னாள். "கிண்ணத்தை மேல மெதுவாக் கவுக்கணும். அப்புறம் அடியில அட்டையைச் சொருகணும். புதுசா வளக்கறவங்களுக்குன்னு கடையில குடுத்த அட்டையில போட்டிருக்கு. நான் மூணு தடவை படிச்சேன்."

பெய்ஷான் குனிந்தாள். தரையில் கிடந்த காலிக் கிண்ணத்தை, அந்த ஐந்தாம் எண்ணை, ஒரு கையில் எடுத்தாள். இன்னொரு கையில் அந்த அட்டை. இரண்டடி நடக்க அவளுக்கு ஒரு யுகம் ஆனது. கிண்ணத்தின் குளிர்ந்த விளிம்பு அவன் காலரில் அழுந்தியது. அட்டை உரசும் சத்தம் காதுக்குள் கேட்டது. தவளைக்கும் அவன் தொண்டைக்கும் நடுவில், புதியவர்களுக்கான பாடங்கள் அச்சடித்த அந்த அட்டை நூல் நூலாக நுழைந்தது.

"வந்துடுச்சு," என்றாள் பெய்ஷான். மூடியைப் போட்டு அமுக்கினாள். மேஜைமேல் வைத்தாள். அதற்கப்புறம்தான் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தாவது தவளை கடைசியில் ஐந்தாம் கிண்ணத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

தெங்வெய் ஜாக்கெட்டைக் கழற்றி மூலையில் எறிந்தான். குளியலறைக்குப் போய்க் கையைக் கழுவினான், கழுத்தைக் கழுவினான், சோப்பு பாதியாகிற வரைக்கும் கழுவினான். திரும்பி வந்தபோது பெய்ஷான் போலீசுக்குப் பேசி முடித்திருந்தாள். ஜின்டாங்குக்கும் பேசியிருந்தாள். அவர் பக்கத்தில் சூயுன் அழும் சத்தம் போனில் கேட்டதாம். அழுது முடித்ததும் அடிக்கும் சத்தமும் கேட்டதாம்.

"அக்கா," என்றான் தெங்வெய், பல் தந்தியடிக்க. "அதை நெஞ்சுல வச்சுக்கிட்டு எத்தனை மணி நேரம் சுத்தியிருக்கேன்?"

பெய்ஷான் கடிகாரத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "மூணுக்கு மேல," என்றாள். "அஞ்சுக்குள்ள."

அவன் சிரிக்கப் பார்த்தான். அழுகைதான் வந்தது. வெட்கப்படாமல் அழுதான். பெய்ஷான் அவன் ஈரத் தலையில் கையை வைத்தாள், எடுக்கவில்லை.

ஷின்னிங் அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையில் அவள் தவளை ஏறி நின்று ஊரையே விலைக்கு வாங்கியது போலப் பார்த்துக்கொண்டிருந்தது. "மாமா, இது வரிசையில நாலாவதா இருந்துச்சுன்னு அக்கா சொன்னாங்க இல்ல? அப்போ இதுக்கு நாலுன்னே பேர் வைக்கப்போறேன்."

"சீச்சீ!" என்று குவாங்லி பதறினார். "எந்த வீட்லயாவது அந்தப் பேர் வைப்பாங்களா? வாயைக் கழுவு!"

தெங்வெய் மூக்கைத் துடைத்துக்கொண்டான். மாத்ஸு தாயிடம் சொன்ன சொல் இன்னும் பாக்கி இருந்தது. விரலைப் பார்த்தான். கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, காயமில்லாத சுண்டுவிரலை நீட்டினான். தவளை ஓடி வந்தது. ஈரமாக, சில்லென்று, எடையே இல்லாமல் ஏறி நின்றது. அவன் கண்ணை மூடவில்லை.

"வைக்கட்டும் அண்ணே," என்றான். "இன்னைக்கு இந்த ஊர்ல யாரையும் பயமுறுத்தாதது இந்த நாலு ஒண்ணுதான்."